அக்காவுக்குப் புரியவில்லை

மூக்குக்கண்ணாடிக் கடை மூடப்பட்ட பிறகு அக்காவுக்குப் போக்கிடம் என்று மிஞ்சியது தம்பி வீடு ஒன்றுதான். புருஷன் வேறொருத்தியோடு வேறு ஊருக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அந்தக் கடையில் அவள் ஃபிரேமில் கண்ணாடி பொருத்துவாள், காதில் மாட்டும் காம்பை லேசாகச் சூடுகாட்டி வளைப்பாள், வந்தவர்களை நிற்கவைத்து எதிர்ச்சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வாள். முதலாளி இறந்ததும் அவர் மகன் கடையைக் கைப்பேசி விற்கிறவனுக்கு விட்டுவிட்டான். ஒரு பெட்டியும் தலையணையுமாகத் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றாள். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றாள். தம்பி மனைவி, "அதுக்கென்ன அண்ணி, இருங்க" என்றாள். துணி காயப்போடும் அறையில், கொடிக்குக் கீழே கட்டில் போட்டுக்கொடுத்தார்கள். மழை பிடித்துக்கொண்டால் தம்பியின் சட்டைகள் அவள் முகத்தின்மேல் சொட்டும்.

தம்பி பகலில் ஒரு கம்பெனிக்கு வேலை செய்தான். மிச்ச நேரமெல்லாம் அவனுடைய சொந்த மென்பொருளுக்கு. சின்ன மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு டோக்கன் கொடுத்து, வரிசை குலையாமல் டாக்டரிடம் அனுப்பி வைக்கிற மென்பொருள் அது. இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம். முகம் பார்த்திராத தமிழ் நண்பர்கள் பல நாடுகளிலிருந்து அவனோடு சேர்ந்து அதைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். வேலை அருமையான வேலை என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரே ஒரு குறைதான். அதைத் தங்கள் கணினியில் யாராலும் நிறுவ முடியவில்லை.

நிறுவும் வழிமுறை என்று தம்பி இணையத்தில் ஒரு பக்கம் எழுதிப் போட்டிருந்தான். அதைப் படித்தவர்கள் பாதி வழியில் மாட்டிக்கொண்டு அவனுக்கு எழுதினார்கள். "வழிமுறையில் தெளிவாக இருக்கிறது, படிக்கவும்" என்று எல்லோருக்கும் ஒரே பதிலை அனுப்பினான். ஒருநாள் சாப்பிடும்போது அப்படி வந்த கடிதம் ஒன்றைச் சத்தமாகப் படித்தான். ஏதோ மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண் எழுதியது. மூன்றாவது வரியிலேயே நிற்கிறேன், டாக்டர் திட்டுகிறார், அழுகையாக வருகிறது என்று எழுதியிருந்தாள்.

"படிக்கத் தெரியாததெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி வந்து உக்காந்தா நான் என்ன பண்றது?" என்றான் தம்பி.

அவன் மனைவி தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள். "நம்ம அண்ணிகிட்ட குடுத்துப் பாருங்களேன். அவங்களுக்குப் புரிஞ்சா ஆடுமாட்டுக்கும் புரியும்."

அக்காவும் சேர்ந்து சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்போது எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தம்பிக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. உண்மையாகவே நல்ல யோசனையாகப் பட்டது. மறுநாள் பழைய லேப்டாப் ஒன்றைத் துடைத்து மேஜையில் வைத்து, அச்செடுத்த தாளைப் பக்கத்தில் வைத்தான். "தாள்ல இருக்கறதை மட்டும் செய்யணும். என்கிட்ட எதுவும் கேக்கக்கூடாது. கேட்டாலும் சொல்ல மாட்டேன். மனசுல தோணறதை வாய்விட்டுச் சொல்லு, போதும்" என்றான். அவளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, கைப்பேசியில் படம் பிடிக்க உட்கார்ந்தான்.

முதல் வரி டெர்மினலைத் திறக்கச் சொன்னது.

"டெர்மினல்னா பஸ்ஸு வந்து நிக்கிற இடந்தானே?" என்றாள் அக்கா. லேப்டாப்பைத் தூக்கி அடியில் பார்த்தாள். பக்கவாட்டில் சிடி போடும் மூடியைத் திறந்தாள். "திறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். தம்பியே எழுந்து வந்து, திரையில் கட்டளைகளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போனான்.

இரண்டாவது வரி, வழக்கம்போல் நிறுவவும் என்றது. "வழக்கம்னா யாரு வழக்கம்?" என்று கேட்டாள். மூன்றாவது வரியில், 'உங்கள் பெயர் இங்கே' என்று இருந்த இடத்தில் ஓர் எழுத்து விடாமல் 'உங்கள் பெயர் இங்கே' என்றே அடித்தாள். அதன்பிறகு பாஸ்வேர்டு வந்தது. அடித்தாள், திரையில் எதுவும் விழவில்லை. பலமாகக் குத்தினாள். விழவில்லை. லேப்டாப் பக்கம் குனிந்து, கெஞ்சுகிற குரலில், "ஏறிக்கோ சாமி, ஏறிக்கோ" என்றாள்.

தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும்க்கா, போதும்" என்றான். அன்றைக்கு அவனே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். அந்த வீட்டில் அவளுக்கென்று யாரோ போட்டுக்கொடுத்த முதல் டீ அதுதான்.

அவள் போன பிறகு அவன் உட்கார்ந்து பக்கத்தைத் திருத்தினான். டெர்மினல் எப்படி இருக்கும் என்று ஒரு படம் போட்டான். 'வழக்கம்போல்' என்பதை நீக்கினான். பாஸ்வேர்டு வரிக்குக் கீழே, 'நீங்கள் அடிப்பது திரையில் தெரியாது. அது கோளாறு அல்ல. அடித்து முடித்ததும் என்டரைத் தட்டுங்கள்' என்று சேர்த்தான். படம் பிடித்ததை அந்த நண்பர் குழுவுக்கு அனுப்பினான். அதில் அவள் முகம் இல்லை. பின்தலை, விரல்கள், குரல், அவ்வளவுதான்.

குழு அதைக் கொண்டாடியது. "ஏறிக்கோ சாமி" என்பது அவர்களுக்குள் ஒரு வாசகம் ஆகிவிட்டது. எதுவும் ஓடாவிட்டால் அப்படித்தான் எழுதினார்கள். ஒவ்வொரு புதிய பதிப்பும் வெளியே போவதற்கு முன்னால் அக்கா உட்கார்ந்து நிறுவிப் பார்க்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். தேறினால் 'அக்கா பாஸ்'. குறைகளைப் பதிந்து வைக்கும் இடத்தில் அவசரம், பிழை, பாதுகாப்பு என்று ஏற்கெனவே இருந்த அடையாளச் சீட்டுகளோடு மஞ்சள் நிறத்தில் புதிதாக ஒன்று சேர்ந்தது: 'அக்காவுக்குப் புரியவில்லை'. எழுத்தில் எங்கே குழப்பம் இருந்தாலும் அதன் கழுத்தில் அந்தச் சீட்டைத் தொங்கவிட்டார்கள். உண்மையில் அவளுக்கு அது புரிந்ததா, அவள் அதைப் பார்த்தாளா என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

பக்கம் மெருகேறிக்கொண்டே போனது. மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக மென்பொருளை எடுத்துக்கொண்டன. அழுத பெண்கூட நன்றி எழுதினாள்.

ஒருமுறை, குழுவிலும் அதைச் சுற்றியும் இருப்பவர்கள் நேரில் கூடிய கூட்டத்துக்கு அக்காவையும் தம்பி அழைத்துப் போனான். பெரிய அரங்கு. கடைசி வரிசையில், தூணை ஒட்டி உட்காரவைத்தான். மேடையில் நின்று, நல்ல வழிமுறை எழுதுவது எப்படி என்று பேசினான். நடுவில் படத்தை ஓட்டினான். தன் விரல்கள் ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்குத் திரையில் தடுமாறுவதை அக்கா பார்த்தாள். தன் குரல் ஒலிபெருக்கியில் கெஞ்சுவதைக் கேட்டாள். அரங்கு குலுங்கியது. அவள் பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்துவிட்டு, அவளைப் பார்த்து, "எங்கதான் புடிக்கிறாங்களோ இந்த மாதிரி ஆளுங்களை" என்றார். அக்கா ஆமாம் என்பது போலத் தலையாட்டினாள்.

இடைவேளையில் தண்ணீர் கேட்கப் போனபோது குரலை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். சுற்றி நின்றுகொண்டார்கள். "அக்கா, ஒரே ஒரு தடவை சொல்லுங்கக்கா" என்றார்கள். தம்பி தூரத்திலிருந்து, சொல்லேன் என்று சைகை காட்டினான். அவள் இல்லாத கீபோர்டின்மேல் குனிந்து, "ஏறிக்கோ சாமி" என்றாள். கைதட்டினார்கள். முகம் சூடாகி, காதுவரைக்கும் எரிந்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது கைதட்டல் இன்னொரு முறை வேண்டும்போல இருந்ததை அவளால் மறைத்துக்கொள்ள முடியவில்லை. தம்பியிடம், "அடுத்த கூட்டம் எப்படா?" என்று கேட்டாள்.

ஆனால் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறவளுக்கு அது வராமல் போகாது. பதிப்புக்குப் பதிப்பு அக்காவின் கை தேறியது. டெர்மினலைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்தாள். எந்த வரியில் பெயரை மாற்ற வேண்டும், எதை அப்படியே விட வேண்டும் என்பது தாளைப் பார்க்காமலே தெரிந்தது. ஒருநாள் டீ ஆறுவதற்குள் நிறுவி முடித்து, "ஆச்சு" என்று திரும்பினாள். பாராட்டுவான் என்று நினைத்தாள். தம்பி முகம் தொங்கிப்போயிருந்தது.

"அடுத்த தடவை வேற யாரையாவது பாக்கணும் போல" என்று முணுமுணுத்தான்.

அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும்தான் தம்பி கதவைச் சாத்திவிட்டு அவளோடு இருப்பான். அந்த நேரத்தில் தம்பி மனைவி பாத்திரம் தேய்க்கக் கூப்பிட மாட்டாள். டீ வரும். அவள் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் ஒருவன் கவனித்துக் கேட்பான். அதை இழக்க அவள் தயாராக இல்லை.

அதனால் அடுத்த முறை தடுமாறினாள். தெளிவாக இருந்த ஒரு வரியில் நின்றுகொண்டு, "இது என்னடா ஒண்ணும் வெளங்கலையே" என்றாள். என்டரைத் தட்ட வேண்டிய இடத்தில் தட்டாமல் காத்திருந்தாள். தம்பி உற்சாகமாகிவிட்டான். அந்த ஒரு வரியைப் பிரித்து ஒரு பத்தியாக விரித்து எழுதினான். அதற்கடுத்த முறை இன்னொரு இடத்தில் நின்றாள். இன்னொரு பத்தி. பக்கம் வீங்கிப்போனது. பயன்படுத்துகிறவர்கள் எரிச்சலாக எழுத ஆரம்பித்தார்கள். எங்களைப் பச்சைக் குழந்தைகள் என்று நினைத்தீர்களா, மூன்று வரி வேலைக்கு இவ்வளவு உபதேசமா என்று கேட்டார்கள்.

தம்பி படம் பிடித்ததை மறுபடி ஓட்டிப் பார்த்தான். மெதுவாக ஓட்டினான். அவள் விரல் நேராகச் சரியான பொத்தானுக்குப் போவதும், அதன்மேல் நிற்பதும், பிறகு விலகித் தப்பான பொத்தானுக்குப் போவதும் தெரிந்தது.

அவளைக் கூப்பிட்டு அதைக் காட்டினான்.

"நடிச்சியா?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"வாயைத் திறந்து சொல்லுக்கா. ஏன் நடிச்ச?"

"தெரியும்னு சொன்னா நீ அடுத்த தடவை கூப்பிட மாட்டியே."

தம்பி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கணக்குப் பார்த்துச் சொல்கிறவன் போல நிதானமாகச் சொன்னான்.

"விஷயம் தெரிஞ்சவங்க எனக்கு உலகம் பூரா இருக்காங்க. எனக்குத் தேவைப்பட்டது தெரியாத ஆளு. உன்கிட்ட இருந்த ஒரே சரக்கு அதுதான். அதையும் தொலைச்சுட்டு வந்து நிக்கற."

அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நான் எழுதித் தரவாடா? ஜனங்க எங்க மாட்டிப்பாங்கன்னு இப்ப எனக்குத் தெரியுமே."

கதவருகில் துணி மடித்துக்கொண்டிருந்த தம்பி மனைவி பக்கென்று சிரித்துவிட்டாள். தம்பியும் சிரித்தான். "எழுதறதுக்கு ஆள் இருக்காங்க" என்றான். "நீ போய்ப் படு."

அதன்பிறகு பல வாரங்கள் அந்த அறைக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. வீட்டு வேலை முழுவதும் அவள் தலையில் வந்து விழுந்தது. மதிய வேளைகளில் மட்டும் கீழே இறங்கிப் போவாள். மாடிப்படிக்கு அடியில் ஒரு சிறிய அறையில் தையல் மிஷின் போட்டு ஒருத்தி தைத்துக்கொண்டிருந்தாள். தையல்காரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அக்காவைவிட ஓரிரு வயது இளையவள். கணவன் இல்லை, கல்லூரி படிக்கும் மகள் ஒருத்தி. பிரித்த தையலிலிருந்து அக்கா நூல் பொறுக்கிக் கொடுப்பாள், பட்டன் காஜாவுக்குக் குறி போட்டுக் கொடுப்பாள். தையல்காரம்மா வாடிக்கைக்காரர்களின் இடுப்பளவுகளைச் சொல்லிச் சிரிக்க வைப்பாள். அந்தக் கட்டடத்தில் அக்காவை உட்காரச் சொல்லி முக்காலியை இழுத்துப் போடுகிற ஒரே ஆள் அவள்தான்.

ஒருநாள் தம்பி சமையலறைக்கே வந்து கேட்டான். "கீழ தையல் போடறாங்களே, அவங்க கம்ப்யூட்டர் தொட்டிருக்காங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். "எங்க தொட்டா! போன்லயே எல்லாத்தையும் மகதான் பாத்துத் தரணும்" என்றாள் அக்கா.

"அப்ப கூட்டிட்டு வாயேன். நீயும் வா. பின்னால உக்காந்து எங்கெங்க தடுமாறறாங்கன்னு எழுது. அந்தக் கண்ணு உனக்கு இருக்கும்."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அப்போதே கீழே போனாள்.

"மேல கொஞ்ச நேரம் வந்து உக்காந்துட்டுப் போயேன். தம்பி டீ போட்டுத் தருவான்" என்றாள்.

"எதுக்குக்கா?"

"சும்மாத்தான். ஒரு தாளைப் படிச்சுக் கம்ப்யூட்டர்ல அடிக்கணும். அவ்வளவுதான்."

படம் பிடிப்பார்கள் என்று சொல்லவில்லை.

தையல்காரம்மா முகம் கழுவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். தம்பி இந்தமுறை கைப்பேசியை முன்பக்கமாக, மேஜைமேல் சாய்த்து வைத்தான். வீங்கிய பத்திகளை வெட்டிய பிறகு வழிமுறை இப்போது நன்றாக இருந்தது என்பதால் அவள் மளமளவென்று முன்னேறினாள். பாஸ்வேர்டில் ஒரு கணம் தயங்கினாள், கீழே இருந்த வரியைப் படித்தாள், என்டரைத் தட்டினாள். தம்பிக்குப் பெருமை. அதற்குப் பிறகுதான் அந்த இடம் வந்தது. 'உங்கள் மருத்துவமனையின் பெயரை இடுங்கள்.'

"எனக்கு ஏதுங்க மருத்துவமனை?" என்றாள் தையல்காரம்மா.

விதிப்படி தம்பி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

திரும்பி அக்காவைப் பார்த்தாள். ஏதோ ஒரு பேரைப் போடு என்று கண்ணாலேயே சொல்லியிருக்கலாம். அக்கா தாளில் எழுதுவது போலக் குனிந்துகொண்டாள். தையல்காரம்மா வெகுநேரம் யோசித்தாள். பொய் எழுத அவளுக்கு மனம் வரவில்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, 'இல்லை' என்று அடித்தாள். திரை வெளிச்சமாக மாறிப் பெரிய எழுத்தில் காட்டியது: 'இல்லை மருத்துவமனை உங்களை அன்புடன் வரவேற்கிறது.'

முதலில் சிரித்தது அக்காதான். அடக்கப் பார்த்து முடியாமல், மூக்கு வழியாகப் பீறிட்டு, பிறகு வாய்விட்டு. தம்பியும் சேர்ந்துகொண்டான். சிரிக்கச் சிரிக்க அக்காவுக்கு உடம்பெல்லாம் லேசானது. இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த எதுவோ எழுந்து போய் இன்னொருத்தி மேல் உட்கார்ந்துகொண்டது போல இருந்தது.

தையல்காரம்மா எழுந்தாள். டீயைத் தொடவில்லை.

"இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தீங்களாக்கா?"

அக்கா கண்ணைத் துடைத்தாள். "அய்யோ, தப்பா எடுத்துக்காதே. எனக்கும் இப்படித்தான் பண்ணாங்க."

"உங்களுக்குப் பண்ணாங்கன்னா எனக்கும் பண்ணணுமா?" என்றாள் அவள். படியிறங்கிப் போனாள்.

படம் குழுவுக்குப் போனது, குழுவிலிருந்து வெளியே போனது. இந்தமுறை முகம் இருந்தது. பின்னணியில் கேட்கும் சிரிப்பு யாருடையது என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். 'அக்கா இப்போது நம் பக்கம்' என்று ஒருவர் எழுத, ஏராளமான பேர் இதயம் போட்டார்கள். தம்பி அதை அவளுக்குக் காட்டினான். அவள் இரண்டு முறை வாங்கிப் படித்தாள்.

நான்கைந்து நாளில் தையல்காரம்மாவின் மகள் மேலே வந்தாள். செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

"எங்கம்மா மூஞ்சிய யாரைக் கேட்டுப் போட்டீங்க? காலேஜ்ல என்னை 'இல்லை மருத்துவமனை'ன்னு கூப்பிடறாங்க."

"எங்க வேலையே திறந்த வேலைம்மா, எதையும் மறைக்கிறதில்ல" என்றான் தம்பி. அப்படிச் சொன்னது தனக்கே பிடித்திருந்ததால் இன்னொரு முறையும் சொன்னான். பிறகு, "சரி, எடுத்துடறேன்" என்றான். எடுத்தும்விட்டான். அதற்குள் பிரதிகள் எங்கெங்கோ போயிருந்தன. மகள் அக்காவைப் பார்த்து, "உங்களை எங்கம்மா சொந்த அக்கா மாதிரி நெனச்சாங்க" என்றாள். அக்கா உள்ளே போய்க் குக்கரை இறக்கினாள்.

அடுத்த மதியம் அவள் கீழே போனபோது மிஷின் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. கொஞ்ச நாளில் மிஷினை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் வேறு தெருவுக்குப் போய்விட்டார்கள். அந்த இடத்தில் இப்போது யாரோ காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

'மருத்துவமனையின் பெயர்' என்ற வரிக்குக் கீழே, 'இப்போதைக்கு எந்தப் பெயரும் போடலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்ற வரி சேர்ந்தது. அக்காவின் குறிப்பிலிருந்து வார்த்தை மாறாமல் எடுத்தது.

அதிலிருந்து ஆள் பிடிப்பது அக்காவின் வேலையானது. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர், எதிர்வீட்டில் சமைக்கிற அம்மா, தம்பி மனைவியின் ஒன்றுவிட்ட சித்தி என்று வரிசையாகக் கூட்டி வந்தாள். ஒருவர் பேசுவதைச் சற்று நேரம் கேட்டாலே போதும், இவர் எங்கே சறுக்குவார் என்று சொல்லிவிடுவாள். கூச்சப்படுகிறவர்களை அதிகம் பிடிக்கும். கூச்சப்படுகிறவர்கள் எழுந்து போக மாட்டார்கள். தம்பி கூட்டங்களில், "எங்க அக்காவுக்கு ஆளைப் பாத்தாலே தெரியும்" என்று பேச ஆரம்பித்தான். துணி காயப்போடும் அறையிலிருந்து கட்டில் உள் அறைக்கு மாறியது. தம்பி மனைவி இப்போது அவளுக்கும் சேர்த்து டீ போட்டாள்.

சென்ற மழையின்போது பக்கத்துக் கட்டடத்து லிஃப்ட்காரரை அழைத்து வந்தாள். வயதானவர். மனைவி இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதிலிருந்து எதைச் சொன்னாலும் அவருக்கு நிதானமாகத்தான் உறைத்தது, இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் அக்கா அவரைத் தேர்ந்தெடுத்தாள். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு விரலால் அடித்துக்கொண்டு, சொன்னபடியெல்லாம் செய்தார். அந்தப் பதிப்பில்தான் முதன்முதலாகக் குரல் சேர்த்திருந்தார்கள். டோக்கன் வந்ததும் நோயாளியின் பெயரைக் கணினியே சத்தமாகக் கூப்பிடும்.

'சோதனைக்காக ஒரு நோயாளியின் பெயரை இடுங்கள்' என்றது திரை.

அவர் யோசிக்கவே இல்லை. தன் மனைவியின் பெயரை அடித்தார். மருத்துவமனை வரிசையில் அவர் கடைசியாகச் சொன்ன பெயர் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஒரு மணி ஒலித்தது. இனிமையான பெண் குரல் ஒன்று அந்தப் பெயரைத் தெளிவாகச் சொல்லி, "மருத்துவர் காத்திருக்கிறார், உள்ளே வாருங்கள்" என்றது. சற்றுப் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டது.

பெரியவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. தம்பி சங்கடமாக நெளிந்தான். கைப்பேசியை அணைக்கலாமா என்று அக்காவைப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் கைகாட்டினாள்.

குரல் மூன்றாவது முறையும் கூப்பிட்டது.

"அம்மா," என்றார் அவர், துண்டுக்குள்ளிருந்து. "இவ பேரை எப்படிம்மா அழிக்கறது?"

அக்கா தாளைப் புரட்டிப் பார்த்தாள். அது எங்கேயும் சொல்லப்படவில்லை. பேசக்கூடாது என்பது விதி. பேனாவை எடுத்து, 'சோதனைப் பெயரை நீக்கும் முறை விடுபட்டிருக்கிறது' என்று குறித்துக்கொண்டாள். அதற்குக் கீழே, 'பெயரை நாமே கொடுத்துவிட்டால் நேரம் மிச்சம்' என்றும் எழுதினாள். அவர் இன்னொரு முறை கேட்டார். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், அடுத்து என்ன செய்கிறார் என்று பார்ப்பதற்காக.

அடுத்த பதிப்பில் இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள். பெயரை நீக்குவதற்கு இப்போது ஒரே ஒரு வரிதான். எங்கெங்கோ இருக்கும் மருத்துவமனைகளின் ஊழியர்கள், யாரையும் எதுவும் கேட்காமல், அதைப் படித்துத் தாங்களாகவே நீக்கிக்கொள்கிறார்கள்.